ஆங்கர்ஸ் அவெய்

பசிபிக் சமுத்திரத்தில் யுத்தம் இன்னும் ஓயாதிருந்த 1945-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மெட்ரோ கோல்ட்வின் மேயர் ஸ்தாபனத்தார் வெளியிட்ட வர்ணச் சங்கீத ஹாஸ்யப் படம். இதை டைரக்ட் செய்தவர் ஜார்ஜ் சிட்னி. நங்கூரம் எடுத்துக் கப்பல் புறப்படுவதைக் குறிக்கும் இப்பெயர், 1906-இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கடற்படைப் பாடலிலிருந்து வந்தது.

நான்கு நாள் விடுமுறையில் ஹாலிவுட் சேரும் மாலுமிகள் இருவரில் ஒருவன் (ஜீன் கெல்லி) பெண்களை வசீகரிப்பதில் சமர்த்தன். மற்றவன் (பிராங்க் சினாட்ரா) அவர்களிடம் வாய் திறக்கவும் கூசுபவன். கடற்படையில் சேரத் துடிக்கும் சிறுவன் ஒருவனை வீட்டில் கொண்டு விடப்போன இடத்தில், அவனை வளர்க்கும் பாடகியிடம் (காத்ரின் கிரேசன்), பியானோ வித்வான் ஹோஸே இதுர்பி முன்னிலையில் அவள் பாட ஏற்பாடாகிவிட்டதென்று சொன்ன பொய்யை மெய்யாக்க இருவரும் படும் பாடே மீதிக் கதை.

கதை மெலிதுதான், இப்படத்தின் ஜீவன் நிருத்தியத்திலேயே இருக்கிறது. ஆடலும் பாடலும் விலக்கப்பட்ட ஒரு மிருகராஜ்யத்தில் தான் புகுந்த கதையைக் கெல்லியின் மாலுமி, பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்ல, அந்நாட்டு அரசனான ஜெர்ரி என்னும் கார்ட்டூன் எலி அவனோடு கைகோத்து ஆடுகிறது. கெல்லி தனியாக ஆடியதைப் படம்பிடித்து, அந்தப் பிலிமின் ஒவ்வொரு பிம்பத்துக்கும் இசைய, வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் தலைமை வகித்த சித்திரக்காரர்கள் எலியை வரைந்து சேர்த்தார்கள். தசையும் கோடும் ஒரே தாளத்தில் கலக்கும் அச்சில நிமிஷங்களைச் சினிமாக் கலையின் அபூர்வ சாதனைகளுள் ஒன்றாகத் தயக்கமின்றிச் சொல்லலாம். சிறந்த படம், சிறந்த நடிகர் (கெல்லி) ஆகிய பரிசுகளுக்கும் படம் முன்மொழியப்பட்டது. கிடைத்த அக்காடெமி பரிசு சங்கீத அமைப்புக்காக ஜார்ஜி ஸ்டோல் பெற்றதே.

1916-இல் நியூயார்க்கில் பிறந்த சிட்னி, அதே ஸ்தாபனத்தில் ஏவலாளாய்ச் சேர்ந்து, குறும்படங்களில் தொழில் கற்றவர். கண்ணுக்குப் பிடிபடாத கணநேர அசைவுகளை அதிவேகப் புகைப்படத்தால் காட்டிய அவரது 1940-ஆம் ஆண்டுக் குறும்படம் அக்காடெமி பரிசு பெற்றது. எலியின் நடனத்துக்கு வேண்டியிருந்த நுணுக்கம் அவருக்குப் புதிதன்று. பின்னர் ‘ஹார்வி கேர்ள்ஸ்’ (1946), ‘ஷோ போட்’ (1951), முப்பரிமாணத்தில் எடுத்த ‘கிஸ் மீ கேட்’ (1953), எல்விஸ் பிரெஸ்லி நடித்த ‘விவா லாஸ் வேகாஸ்’ (1964) முதலியவற்றைத் தந்து, 1967-இல் ‘ஹாஃப் எ சிக்ஸ்பென்ஸ்’ படத்தோடு ஓய்ந்தார்; 2002-இல் மறைந்தார். 1957-இல் அந்த ஸ்தாபனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியபோது, வேலையிழந்த ஹன்னாவும் பார்பெராவும் சொந்தமாகக் கம்பெனி தொடங்கத் துணைநின்று, அதில் பங்காளியாகவும் சேர்ந்தவர் இதே சிட்னி.