தேரி மணலில் ஓடிய சிறு இரயில்

சாத்தான்குளம் வட்டாரத்தில் இரயில் ஓடியதுண்டா என்று இன்றைய இளைஞர்களைக் கேட்டால் நகைப்பர். இரயிலேற வேண்டுமாயின் நாசரேத்துக்கோ திருச்செந்தூருக்கோ செல்ல வேண்டும் என்பதே அவர்கள் அறிந்தது. ஆயினும் கால் நூற்றாண்டுக் காலம் நம் தேரிக்காட்டினூடே ஓர் இரயில் ஓடியது. அவ்வரலாறு நம் மக்களுக்கு ஒரு பாடமாகும்.

குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனியைச் சார்ந்த சர்க்கரை ஆலை ஒன்று இருந்தது. பனைவெல்லமே அதற்கு மூலப்பொருள். செம்மணல் தேரியில் மாட்டு வண்டியின் சக்கரம் அச்சு வரை புதையும். எனவே 1915ஆம் ஆண்டளவில் அக்கம்பெனியார் இரண்டடி அகலமே உடைய சிறு இருப்புப்பாதையை அமைத்தனர். திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை அதன் நீளம் சுமார் 27 மைல். சரக்கோடு பயணிகளும் அதில் சென்றனர். 1923இல் திருநெல்வேலி–திருச்செந்தூர் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் இச்சிறு பாதைக்கு வெளியுலகத் தொடர்பு கிட்டியது.

எம் பாட்டனார் இளமையில் இப்பாதையில் கூலி வேலை செய்தவர். ஆனி, ஆடி மாதக் காற்றில் தேரி மணல் பறந்து வந்து தண்டவாளத்தை மூடிவிடும். விடியுமுன் மண்வெட்டியுடன் சென்று அதனை ஒதுக்கினால்தான் வண்டி நகரும். ஒதுக்கிய மணல் மறுநாள் மீண்டும் வந்து நிற்கும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வேலையை நம்பிப் பாதையோரம் குடிசையிட்டு வாழ்ந்தவை சில குடும்பங்களே. சிறிய குடியிருப்புதான், எனினும் பண்ணையாரின் தயவை நோக்காது வாரந்தோறும் காசாகக் கூலி பெற்ற குடியிருப்பு.

இரயில் சாதியை ஒழித்துவிட்டதா? பயணச்சீட்டுக்குச் சாதியில்லை என்பது உண்மையே. ஆனால் நிலையத்துக்கு வெளியே சாதி காத்து நின்றது. 1901இல் சிறுவராயிருந்த அண்ணல் அம்பேத்கர் தம் தந்தையாரைக் காணச் சென்றபோது, மசூர் நிலையத்தில் இறங்கிய அவரையும் உடன் வந்த சிறுவர்களையும் ஏற்றிச் செல்ல வண்டிக்காரர் எவரும் இசையவில்லை. இரட்டிப்புக் கூலி தந்து, வண்டியையும் தாமே ஓட்டிச் செல்ல நேர்ந்தது. நம் மாகாணத்திலோ, பொதுவழியில் எவரும் நடக்கலாம் என்பதற்கே 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது.

1930களில் பேருந்துகள் பெருகின. 1932இல் வந்த பாதுகாப்புச் சட்டத்தால் நாடெங்கும் கரும்பு ஆலைகள் தழைத்தன. பனையை நம்பிய பாதை 1940இல் மூடப்பட்டது. "தண்டவாளத்தைப் பெயர்த்த கூலிதான் எங்களுக்குக் கடைசிக் கூலி" என்பார் பாட்டனார். பின்னர் அவர் மீண்டும் பிறர் வயலுக்கே திரும்பினார்.

இங்கு ஓர் உண்மையை இளைஞர்கள் கருதுதல் வேண்டும். மத்திய அரசுப் பணிகளில் நம் மக்களுக்கு முதன்முதலாக 8 1/3 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைத்தது 1943இல். அப்போது அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபை உறுப்பினராயிருந்தார். 1946இல் அது 12 1/2 ஆயிற்று. 1970இல் 15 ஆயிற்று. நம் சிறு இரயில் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே மறைந்துவிட்டது. தனியார் பாதையாகிய அதில் உரிமை ஏதும் நமக்கு எழுதி வைக்கப்படவில்லை. அன்றியும், எம் பாட்டனாருக்குக் கையெழுத்திடத் தெரியாது. பாதை பிழைத்திருந்து, ஒதுக்கீடும் வந்திருந்தாலும், அவர் மண்வெட்டியோடுதான் நின்றிருப்பார்.

இன்று அதே குலசேகரப்பட்டினத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 28.2.2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அன்று இரயில் வந்தபோது நாம் மணல் ஒதுக்கினோம். இன்று ஏவுதளம் வரும்போதும் மண் சுமப்பதோடு அமைவோமா? நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுப் பாடமும் புத்தக உதவியும் நடத்தி வருவது இக்கேள்விக்கு விடை காணவேயாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்த எண்ணும் தம்பி தங்கையர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்லலாம். கற்ற கல்வியை எவரும் பெயர்க்க இயலாது.