அறிவு மையம்: ஒரு பெயரின் வழித்தடம்

1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அளித்த நல்கையோடு, வில்லியனூரை நடுவாகக் கொண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. கணினியும் இணையமும் ஏழை மக்களுக்கு உண்மையில் பயன்படுமா என்று பல நாடுகளில் எழுந்திருந்த கேள்விக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் விடை தேடிய முயற்சி அது. 'தகவல் கிராமம்' என்பது திட்டத்துக்கு வைத்த பெயர். ஊர்களில் நிலைத்த பெயரோ 'அறிவு மையம்'. தகவல் அறிவான இந்தப் பெயர்மாற்றம், சொல்லில் சுவை காணும் நம் போன்றோர் நின்று பார்க்கத் தக்கது.

'அறி' திராவிடக் குடும்பத்தின் பழஞ்சொத்து. மலையாளத்திலும் கன்னடத்திலும் அறிவாகவே நிற்கும். தெலுங்கில் முதலுயிர் திரிந்து எறுகு என ஒலிக்கும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என்னும் புலனுணர்வுகளையே முதல் ஐந்து அறிவுகளாக வைத்து, மனத்தை ஆறாவதாகச் சேர்க்கிறது. ஆதலால் அங்கே புல்லுக்கும் மரத்துக்கும்கூட ஓரறிவு உண்டு. வள்ளுவரோ கல்வி, கல்லாமை, கேள்வி என்று படிப்படியாக வந்து 43ஆம் அதிகாரத்தில் அறிவுடைமையைத் தொடுகிறார். மெய்யில் பட்டு உணர்வதும் செவியால் கேட்டுத் தெளிவதும் ஆகிய இரண்டும் இச்சொல்லுக்குள் ஒருங்கே அடங்கின.

திட்டம் நடந்த மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அந்தப் பழம்பொருள் மீண்டும் உயிர்பெற்றதைக் காணலாம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து இறக்கிய அலை உயர முன்கணிப்பு, தமிழில் ஒலிபெருக்கி வழியே மீனவர் காதில் விழுந்தது. இணையத்தில் எண்ணாக இருந்தது, இன்று கடலுக்குப் போகலாமா என்பதற்கு விடையாகிக் கரையில் ஒலித்தது. 2004 டிசம்பர் 26 அன்று மற்றொரு மீனவ ஊரான நல்லவாட்டில் நடந்தது இன்னும் பெரிது. சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலை எச்சரிக்கையை அறிவு மையத்து ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொன்னார்கள். மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தார்கள். அறி என்னும் தன்வினை அறிவி எனப் பிறவினையாகி, அறிவிப்பு என்று பெயராகும் வழியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

திட்டத்தின் சார்பில் வில்லியனூரிலிருந்து வெளிவந்த இதழின் பெயர் 'நம்ம ஊரு செய்தி'. உய்தி போலவே செய் என்னும் வினையோடு 'தி' சேர்ந்து பிறந்த செய்தி, சங்க நூல்களில் செயலையும் செய்த நன்றியையும் குறித்தது. செயலைக் குறித்த சொல் பின்னர்ச் செயலைப் பற்றிய உரைக்கு ஆகிவந்தது. பேச்சுவழக்கில் சேதி என்று நீளும் அச்சொல்லுக்கு முன்னே 'நம்ம ஊரு' என்று சேர்த்தவர் யாராயினும் நல்ல செவி உடையவர்.

'அறிவு மையம்' என்பதிலுள்ள மையம் வடமொழி மத்தியத்தின் வழி வந்தது என்பாரும் உண்டு. அறிவகம் என்றிருந்தால் எனக்கு இன்னும் இனித்திருக்கும். ஆனாலும் இப்பெயருக்குப் புதுச்சேரி மண்ணிலேயே ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் எழுந்த பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் இருந்த 'வித்தியாஸ்தானம்' என்னும் கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்ததைச் சொல்கிறது. வித்யா என்பதன் வேர் 'வித்'. அதற்குப் பொருள் அறிதல். ஸ்தானம் நிற்கும் இடம். செப்பேட்டில் வாகூர் என்றிருந்த ஊர்ப்பெயர் வகரம் பகரமாகிப் பாகூர் ஆனது. பிரெஞ்சுக்காரர் எழுத்துக்கூட்டில், நடுவிலுள்ள ககரத்தை நாம் மென்மையாக ஒலிக்கும் ஓசை ஹகரமாகப் பதிந்தது.

பெயர்கள் இரண்டும் நெருங்கினாலும் போக்கு வேறு. அன்று மூன்று ஊர்களின் வருவாய் பாகூருக்குச் சென்று அங்கிருந்த அறிஞர்களைப் புரந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வில்லியனூரிலிருந்து செய்தி புறப்பட்டு ஊர்களுக்குச் சென்றது. வளர்ச்சிக் கொள்கை வகுப்போர் தங்கள் அறிக்கைகளில் இந்தத் திசைமாற்றத்தையே முதலில் எழுத வேண்டும்.

வில்லியனூர், பாகூர்ப் பகுதி அன்பர்களே, உங்கள் ஊர்ப் பெரியவர்களும் மீனவப் பெண்களும் அறிவு மையத்தை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். திட்ட அறிக்கைகளில் அப்பெயர்கள் இரா.