கோயில் வாசலில் பிறந்த நாத்திகம்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் புசல்லாவையைத் தாண்டினால் இறம்பொடை. ஒரு பக்கம் 109 மீற்றர் உயர அருவி, கீழே கொத்மலை நீர்த்தேக்கம். வெவண்டன் மலையில், சின்மயா மிஷன் கட்டி 2001இல் குடமுழுக்குச் செய்த அனுமார் கோயில். இராமனின் படை தங்கியதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று பயணிகளுக்குக் கதை சொல்கிறார்கள். ஆனால் அனுமார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைகளில் சாமிகள் குடியேறிவிட்டன. தோட்டத் தொழிலாளரின் லயத்துக்குப் பக்கத்து மரத்தடியில் கல்லாக நின்ற மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி. தேயிலைத் தொழிற்சாலைக்குள் சுழலும் சக்கரம் கையைப் பிடித்துவிடாமல் காக்கிற ரோதைமுனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குவதற்குக்கூடத் தேங்காய் உடைத்துச் சாமி கும்பிடுவது வழக்கம்.

தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ஒரு முனியை வைத்திருந்த மக்களிடையே கடவுளை நம்பாதவர்கள் எப்படி வந்தார்கள்?

விடையைத் தேட வேண்டிய இடம் கோயில் வாசல்தான். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களோடு மாரியும் வந்தாள். வாந்திபேதிக்கும் அம்மைக்கும் ஆயிரக்கணக்கில் பலியான அந்தப் பயணத்தில் அவளைத் தவிர வேறு துணை இருக்கவில்லை. தோட்டத்தில் அவளுக்குக் கோயில் எழுந்தபோதோ அது ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணியின் கோயிலாயிற்று. தோட்டத்தை நடத்திய துரைமாரும் இடம் கொடுத்தார்கள், திருவிழாவுக்கு விடுமுறை கொடுத்தார்கள். சாமியும் திருவிழாவும் உள்ள இடத்தை விட்டு ஆட்கள் எளிதில் ஓட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் மரியாதை கங்காணிக்கு. அவர் பெரும்பாலும் குடியானவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட உயர்சாதிக்காரர். மலையில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாமி புறப்படத் தப்பு முழங்கியாக வேண்டும். தப்படித்தவரோ வெளியே நிற்க வேண்டும். கோயில் வரி மட்டும் எல்லார் சம்பளத்திலும் பிடிக்கப்பட்டது. கடனும், கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக விடாத துண்டு முறையும், ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணி பெற்ற தலைக்காசும் கொண்டு ஆட்களைக் கட்டிவைத்திருந்த அதே கையில்தான் விபூதித் தட்டும் இருந்தது. சாமியைப் பற்றிய முதல் சந்தேகத்துக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அந்த வாசலில் ஒரு திருவிழாவுக்கு நின்றாலே போதும்.

புத்தகங்களும் வராமல் இல்லை. தமிழில் கடவுள் மறுப்பு வெளிநாட்டுச் சரக்கு அன்று. மணிமேகலை தன் பல்சமய உரையாடலில் கேட்கும் குரல்களில் பொருளே எல்லாம் என்ற பூதவாதியின் குரலும் ஒன்று. 1882 முதல் 1888 வரை சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற நாத்திக இதழ் வெளிவந்தது. 1925இல் ஈரோட்டிலிருந்து பெரியாரின் ‘குடி அரசு’ புறப்பட்டது. ஐரோப்பாவையும் சோவியத் ஒன்றியத்தையும் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், 1932 ஒக்டோபரில் அவர் கொழும்பில் இறங்கிப் பேசினார். கடவுள், மதம், தேசம் மூன்றையும் ஒருசேரக் கேள்வி கேட்ட பேச்சு அது. அதற்குப் பின் இலங்கையில் சுயமரியாதை இயக்கம் வேர்விட்டது. பிற்பாடு அதிலிருந்து இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் வளர்ந்தது. ஏ. இளஞ்செழியன் அதன் தலைவர்களில் முதன்மையானவர்.

தமிழ்நாட்டில் அந்த இயக்கத்தின் முதல் இலக்கு பிராமணப் புரோகிதம். தோட்டத்தில் புரோகிதரைக் காண்பதே அரிது. கல்யாணத்தையும் கருமாதியையும் நடத்தியவர்கள் பண்டாரமும் பூசாரியுமே. ஆகவே ஈரோட்டில் ஐயரை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி, இந்த மலைகளில் கங்காணியை நோக்கித் திரும்பியது. சாமிக்கு எல்லாரும் பிள்ளைகள் என்றால் பரிவட்டம் ஏன் ஒருவருக்கே? இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மலையக நாத்திகத்தைத் தமிழ்நாட்டின் நகல் என்று ஒதுக்குவது பெரும் பிழை.

வாசிக்கத் தெரியாதவர்களிடம் சினிமா அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கருணாநிதியின் வசனத்தில் 1952இல் வந்த ‘பராசக்தி’யில், கோயிலுக்குள்ளேயே ஒரு பெண்ணைப் பூசாரி பலாத்காரம் செய்ய முனைகிறான். கோயிலைப் பற்றிப் பேசத் தயங்கியவர்களுக்கு அந்தக் காட்சி பேசத் துணிவு தந்தது.

இதே காலத்தில் வேறொரு வாசலும் திறந்திருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தப் போராட்டத்துக்குத் துணை நின்ற இடதுசாரிகளான சமசமாஜிகளும், பின்னாளில் சண்முகதாசன் போன்ற கம்யூனிஸ்டுகளும் வறுமைக்குத் தலைவிதி காரணமில்லை என்று சொன்னார்கள். விதியை விட்டவர்களில் சிலர் அதை எழுதியவனையும் விட்டார்கள்.

மூன்றாவது வகை நாத்திகத்தை வளர்த்தவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக வாழ்ந்தவர். பேய், சூனியம், அருள்வாக்கு என்று வந்தவற்றை நேரில் போய் ஆராய்ந்தார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் நிகழ்த்துவோருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. அவரைக் கவலைப்படுத்தியது பொய். தோட்டத்துச் சுயமரியாதைக்காரரைச் சுட்டது அவமானம். நம்பாமைக்குக் காரணம் எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதற்கு இந்த ஒரு சிறு தீவே சாட்சி.

1948இல் குடியுரிமையையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்த மக்களிடையே சுயமரியாதை பேசிய இயக்கத்தை அரசு சந்தேகத்துடன் பார்த்தது. 1962இல் சிறிமாவோ அரசு இலங்கைத் தி.மு.க.வைத் தடைசெய்தது. இரண்டு ஆண்டுகளில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. கூட்டம் கேட்டவர்களும் கூட்டம் கூட்டியவர்களும் கப்பலேறினார்கள். எஞ்சியோர் குடியுரிமைப் பத்திரத்துக்கு அலைந்த ஆண்டுகளில் கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

அந்த நாத்திகம் தேய்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கங்காணியின் பிடி தளர, தொழிற்சங்கம் எழுந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸை நீண்டகாலம் நடத்திய சௌமியமூர்த்தி தொண்டமானின் குடும்பத் தோட்டம் இதே இறம்பொடை வெவண்டன்தான். கங்காணி நின்ற இடத்தில் சங்கத்தின் தோட்டத் தலைவர் நின்று திருவிழாவை நடத்தத் தொடங்கினார். அவர் லயத்துக்காரர், பலவேளை முன்பு வெளியே நின்றவரின் மகன். கோயிலை மறுத்தவர்கள் கேட்டதில் ஒரு பங்கு இப்படிக் கோயிலுக்குள்ளேயே கிடைத்தது. முழுதும் கிடைத்துவிடவில்லை. அதை மறைப்பது உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

2012 குடிசன மதிப்பீட்டின் சமய அட்டவணையில் பௌத்தர், இந்து, இஸ்லாமியர், கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர், ஏனையோர் என்ற தலைப்புகளே உள்ளன. சமயமற்றவர் என்றொரு தலைப்பில்லை. ஏனையோர் நாடு முழுவதற்கும் 9,440 பேர். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இந்துக்கள். அந்தக் கணக்கில் சுயமரியாதைக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் அடக்கம். ஆனால் தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலைப் புரட்டினால் மூக்கன், கருப்பன், மாரியாயி என்று போகிற பெயர்களுக்கு இடையே, ஒரு தலைமுறைக்குப் பிறகு, இளங்கோவும் அன்பழகனும் தமிழ்ச்செல்வியும் வந்து சேர்ந்திருப்பார்கள்.