அடுப்பை மூடு!

'கர்ப்யூ' என்று சொன்னதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை லத்தி, போலீஸ் லாரி, வெறிச்சோடிய கடைத்தெரு ஆகியவைதாம். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் போலீஸ் ஸ்டேஷன் அல்ல; சமையலறை!

பழைய பிரெஞ்சு மொழியில் 'மூடு', 'நெருப்பு' என்ற பொருள்கொண்ட இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு, கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்து, வாயில் புகுந்து தேய்ந்து 'கர்ப்யூ' ஆயின. அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்களில் மர வீடுகளும் வைக்கோல் கூரைகளும் நெருங்கிக் கிடந்தன. இரவு மணி அடித்ததும் அவரவர் அடுப்பைச் சாம்பலால் மூடிவிட வேண்டும். ஆங்கிலேயர்களை அடக்கி வைப்பதற்காக நார்மண்டி வில்லியம் கொண்டுவந்த கொடுஞ்சட்டம் இது என்று ஒரு கதை உண்டு. வழக்கமோ ஐரோப்பாவில் வில்லியத்துக்கு முன்பே இருந்தது. பயமும் நியாயமானதுதான். 1666-இல் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் கிளம்பிய நெருப்பு சுமார் 13,000 வீடுகளைத் தின்றுவிட்டது.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். மணி 'அணை' என்று சொல்லவில்லை. 'மூடு' என்றுதான் சொல்லிற்று. உரசினால் பற்றும் தீக்குச்சி 1827-இல்தான் கடைக்கு வந்தது. அதுவரை காலையில் அடுப்பு மூட்ட வேண்டுமானால் இரவுத் தணல் உயிரோடு இருக்க வேண்டும். சாம்பல் ஊரையும் காத்தது, நெருப்பையும் காத்தது. 'நீறு பூத்த நெருப்பு' என்று நாம் சொல்வது இதைத்தானே? உள்ளே புகையும் கோபத்துக்கு அதை நாம் கொடுத்துவிட்டோம். நம் பாட்டிமாருக்கு அது வெறும் அடுப்பு விவகாரம்.

நாளடைவில் நெருப்பு மறந்து மணி மட்டும் நின்றது. பிறகு மணியும் போய் உத்தரவு மட்டும் நின்றது. நாம் அதை 'ஊரடங்கு' என்று தமிழாக்கினோம். ஊர் தானாக அடங்குவது ஒன்று, அடக்கப்படுவது வேறு. 2020 மார்ச்சில் அந்த வித்தியாசத்தை வீட்டுக்கு வீடு தெரிந்துகொண்டோம்.

கூடலூரிலிருந்து மைசூர் போகும் பாதையில் வேறு மாதிரி ஒரு ஊரடங்கு வந்தது. பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் போகக் கூடாதென்று 2009-இல் தடை. 2010-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பக்கத்து வயநாட்டுப் பாதைக்கும் அதே கதி. 2019-இல் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் அதை எதிர்த்து உண்ணாவிரதமே இருந்தார்கள். இஞ்சி மூட்டையோடு ராத்திரி முழுவதும் காத்துக் கிடக்கும் லாரிக்காரரின் கஷ்டம் நிஜமானது. ஆனாலும் இருட்டில் மானும் யானையும் சக்கரத்தில் அடிபட்ட கணக்கைக் கேட்டபின் என் ஓட்டு மானுக்கும் யானைக்கும்தான். மனிதன் அடங்கியிருக்க, மற்ற ஜீவன்கள் உலாவுகிற ஊரடங்கு! பாதையையும் யாரும் அணைத்துவிடவில்லை; மூடித்தான் வைக்கிறார்கள்.

முதுமலை எல்லையில் தொரப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அருகே ஒரு டீக்கடைக்காரர், கடைசி வண்டி போனதும் விறகடுப்பில் சாம்பலைத் தள்ளி மூடுவதைப் பார்த்தேன்.

"தீப்பெட்டிதான் இருக்கிறதே?" என்றேன்.

"இருக்குங்க சார். ஆனா காலையில ஆறு மணிக்கு கேட்டைத் திறந்ததும் லாரிக்காரங்க வந்து நிப்பாங்க. மலைக் குளிர்ல ஈர விறகு சீக்கிரம் பிடிக்காதுங்க" என்றார்.