தக்காணம்: யாருக்குத் தெற்கு?

காஞ்சிபுரம் பாலாத்துப் பாலத்துல நின்னு கீழ பார்த்தா பெரும்பாலும் மணல்தான். இந்த ஆத்துக்குத் தண்ணி தக்காணத்துல இருந்து வரணும். கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் வழியா இறங்குது.

'தக்காணம்' யார் வச்ச பேரு? வடமொழியில 'தட்சிண'ன்னா வலது, தெற்குன்னும் அர்த்தம். உதிக்கிற சூரியனைப் பார்த்து நின்னா வலது கைப் பக்கம் தெற்குதானே! பிராகிருதத்துல 'தக்கிண' ஆச்சு. முதல் நூற்றாண்டுல கிரேக்க வணிகர் ஒருத்தர் எழுதின பெரிப்ளஸ்லயே இந்த விளக்கம் இருக்கு. 4ஆம் நூற்றாண்டுச் சமுத்திரகுப்தனோட அலகாபாத் தூண் கல்வெட்டு, தட்சிணாபத மன்னர்களை வரிசையா சொல்லுது. அதுல நம்ம காஞ்சி விஷ்ணுகோபனும் உண்டு. ஆக, அப்போ நாமளும் அந்தப் பேருக்குள்ளதான் இருந்தோம். பின்னாடிதான் அது பீடபூமிக்குன்னு சுருங்குச்சு.

வேடிக்கை என்னன்னா, நமக்கு அந்த மேட்டு நிலம் தெற்கே இல்ல, வடமேற்கே. கங்கைக்கரைக்காரங்க திசையைத்தான் நாமளும் பேரா சொல்லிட்டிருக்கோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை மறைவுல கிடக்கிற, மழை குறைஞ்ச பூமி அது. அவங்களும் ஏரி கட்டித்தான் பிழைக்கணும். அந்த ஏரிங்க நிரம்பி வழிஞ்சாத்தான் இங்க ஆத்துல தண்ணி. மேல புதுசா ஏரி, அணை கட்டணும்னா சென்னையைக் கேட்கணும்னு 1892லயே மைசூரோட ஒப்பந்தம் போட்டாங்க. பாலாறும் அந்தப் பட்டியல்ல இருக்கு. நம்ம ஊர் ஏரிக் கால்வாய் இன்னும் அந்த ஆத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறந்து கிடக்கு.