இணையர் வன்முறையாளருக்கான குழுச் சிகிச்சை

மனைவியையோ துணையையோ அடிப்பவர்களை வாரந்தோறும் குழுவாக உட்காரவைத்து, அந்த நடத்தையை மாற்ற முயலும் முறை. 1977இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தோன்றிய 'எமர்ஜ்' என்ற அமைப்பு இவ்வகையின் முன்னோடி. அடிபட்ட பெண்களுக்கான அடைக்கல இல்லங்களில் வேலை செய்த பெண்கள் கேட்டுக்கொண்டதால் ஆண்கள் சிலர் அதைத் தொடங்கினார்கள். இந்த முறையின் வேர் மருத்துவமனையில் இல்லை, பெண்கள் இயக்கத்தில் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் எலன் பென்ஸ், மைக்கேல் பேமர் முதலியோர் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். போலீஸ், நீதிமன்றம், அடைக்கல இல்லம், ஆண்கள் குழு எல்லாம் ஒரே ஏற்பாட்டில் இணைந்தன. குழுவுக்கு வராமல் நின்றுவிட்டால் நீதிமன்றத்துக்குத் தகவல் போகும். அடிபட்ட பெண்கள் சொன்னவற்றைத் தொகுத்து 1984இல் 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்ற சக்கரப் படத்தை உருவாக்கினார்கள். மிரட்டல், உறவுகளிடமிருந்து பிரித்துவைத்தல், பணத்தைக் கையில் தராமை, பிள்ளைகளைப் பகடைக்காயாக்குதல் ஆகியவை அதன் ஆரங்களுள் சில. அடி உதையும் பாலியல் வன்முறையும் வெளிவட்டம்.

வகுப்பில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக்காட்டுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் செயலைத் தாளில் பிரித்து எழுத வேண்டும்: என்ன செய்தாய், எதைச் சாதிக்கச் செய்தாய், அவளுக்கு என்ன ஆயிற்று, வேறு என்ன செய்திருக்கலாம்? "கோபத்தில் கை நீட்டிவிட்டேன்", "அவள்தான் வாயைக் கொடுத்தாள்" என்ற சமாதானங்கள் இரண்டாவது கேள்வியிலேயே ஆட்டம் காணும். தம்பதியைச் சேர்த்துவைத்துப் பேசுவதை அமெரிக்காவின் பல மாநிலங்களின் விதிகள் ஏற்பதில்லை. அங்கே உண்மையைச் சொன்னவள் வீட்டுக்குப் போய் அடிவாங்க நேரும் என்பதால் இது சரியான தடைதான்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இத்தகைய முயற்சிகள் எழுந்தன: 1987இல் நார்வேயின் ஆஸ்லோவில் உளவியலாளர்கள் உளவியல் சார்ந்த தனி வழி ஒன்றைத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலோ கலிபோர்னியா மாநிலம் 52 வார வகுப்பைக் கட்டாயமாக்கியது.

பலன் பற்றிய செய்தி அவ்வளவு நல்லதல்ல. புளோரிடாவின் பிரவர்டு கவுண்டியில் 404 ஆண்களை வைத்து நடந்து, 2002இல் வெளியான ஆய்வில், குழுவுக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 22 ஆய்வுகளைத் திரட்டிய 2004ஆம் ஆண்டு மதிப்பீடு, பலன் சிறிதே என்றது. எல்லா ஆண்களையும் அதிகார ஆசை என்ற ஒரே விளக்கத்துக்குள் அடக்கிவிட்டோம் என்று பென்ஸே பின்னாளில் எழுதினார்; அந்த நேர்மை போற்றத்தக்கது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பின்னர் உருவான ஒரு திட்டம், உணர்ச்சிகளை அடையாளம் கண்டு கையாளப் பழக்குவதில் ஊன்றுகிறது.

அடைக்கல இல்லத்திலிருந்த பெண்கள் வீடு திரும்பியதற்கு, கணவன் சிகிச்சையில் சேர்ந்தது பெரிய காரணம் என்று ஆய்வாளர் எட்வர்ட் கோண்டால்ஃப் கண்டார். அந்த நம்பிக்கை பொய்த்தால் அடிபடுவது அவள்தான். ஆகவே நல்ல திட்டங்கள் ஆணின் பேச்சை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளப்பதில்லை; துணைவியோடு தனியே தொடர்பு வைத்து, அவன் பாதியில் நின்றால் அவளுக்குச் சொல்லிவிடுகின்றன. பெண்ணின் பாதுகாப்பே முதற்கவலையாக இருக்க வேண்டும் என்று பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான 2011ஆம் ஆண்டின் இஸ்தான்புல் உடன்படிக்கையும் இத்திட்டங்களுக்கு விதித்திருக்கிறது.