நிறத்தின் பெயரும் நிறத்தின் எண்ணும்



கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இரத்தினபுரியை எட்டுவதற்குச் சற்று முன்னர் குருவிட்ட என்னும் ஊர் உள்ளது. மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும், பள்ளத்தில் நெல்வயல்கள், வயல்களுக்கு அடியில், குரு கங்கை முதலிய ஆறுகள் பன்னெடுங்காலமாகக் கொணர்ந்து படிவித்த சரளை மண். அந்தச் சரளை அடுக்கை அவ்வூரார் 'இல்லம்' என்பர். குழி தோண்டி, இல்லத்தை எட்டி, அதனை வாரி மேலே அனுப்பி, கூடையிலிட்டு நீரில் சுழற்றிக் கழுவினால், ஒரு நாள் இல்லாவிடினும் ஒரு நாள் ஒரு கல் அகப்படும். அகப்பட்ட கல்லை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பவர் முதலில் உரைப்பது அதன் நிறையை அன்று, நிறத்தையே. நிறத்துக்கு எப்பெயர் இடப்படுகின்றதோ அதற்கேற்ப விலை நிற்கும்.

நிறத்துக்குப் பெயரிடுதலும், பெயரைக் கொண்டு நிறத்தைக் காணுதலும் இக்காலத்தில் கணினிக்கும் உரிய வேலைகளாகிவிட்டன. இவ்விரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் போலத் தோன்றும். அவை அவ்வாறு அல்ல என்பதையே இன்று ஆராயக் கருதுகின்றேன்.

முதலிற் பழைய வழியைக் காண்போம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் மதுரை மாநகரின் இரத்தினக் கடைத்தெருவைக் கண்டு செல்கின்றான். அங்கே மாணிக்கத்தின் வகைகளாகப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நான்கு கூறப்படுகின்றன. இவற்றுக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், ஒவ்வொரு வகையின் நிறத்தையும் விளக்குதற்கு இரத்தின நூற் செய்திகளைத் தருகின்றார். பதும வகைக்குத் தாமரை, கழுநீர், மின்மினி, விளக்கின் சுடர், மாதுளையின் பூ, மாதுளையின் விதை என இப்படிப் பத்து உவமைகள். விந்தம் என்னும் குருவிந்தத்துக்குச் சிந்துரம், குன்றிமணி, முயலின் குருதி முதலாக எட்டு. பருமா நாட்டு மாணிக்கத்தை இன்றும் உலக வணிகர் 'புறாவின் குருதி' நிறம் என்று போற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரினந்தான் வேறு, முறை ஒன்றே.

குருவிந்தம் என்னும் இச்சொல்லின் வழியாகவே, மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் பொதுவான கனியத்தை ஐரோப்பியர் 'கொரண்டம்' என்று அழைக்கலாயினர் என்பது சொல்லாராய்ச்சியாளர் முடிபு. குருவிட்ட என்ற ஊர்ப்பெயரையும் இதனோடு முடிச்சுப்போட ஆசை எழும். ஒலி ஒத்திருப்பது ஒன்றே சான்றாகாது. ஆதலின் அதனை விட்டுவிடுவோம்.

தமிழ் உரைகாரர் கையாண்ட இம்முறையையே ஐரோப்பாவில் ஒரு கனிய அறிஞர் வேறொரு தேவையால் கைக்கொண்டார். செருமனியின் பிரைபேர்க் நகரத்து ஆபிரகாம் வேர்ணர், 1774 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கற்களைப் புறத்தோற்றத்தால் இனங்காணுதற்கு நிறப்பெயர்களை வரையறுத்தார். அதனை விரித்து, எடின்பரோ நகரத்து ஓவியர் பற்றிக் சைம் 1814 இல் ஒரு நூல் செய்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வண்ணத் துண்டு. அருகே ஒரு பெயர். அதன் பின் விலங்கில் ஒன்று, தாவரத்தில் ஒன்று, கனியத்தில் ஒன்று என உதாரணங்கள். சார்ள்ஸ் டார்வின் தம் கடற்பயணத்தில் இந்நூலை உடன் கொண்டுசென்றார். பறவையின் இறகையும் கடலின் நீலத்தையும் கண்ட இடத்திலேயே பெயரிட்டு எழுதிக்கொள்ள அது அவருக்குத் துணைசெய்தது.

உவமையால் நிறம் சொல்லும் முறைக்கு ஒரு குறை உண்டு. தாமரை கண்டவனுக்கே தாமரை நிறம் விளங்கும். கணினியோ எதனையும் கண்டதில்லை. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளியின் அளவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாற் குறிக்கப்படும். ஆகவே மூன்று எண்களைத் தந்தால் ஒரு நிறம் பிறக்கும். இவ்வாறு 1,67,77,216 நிறங்கள் உண்டாக இடமுண்டு. அத்தனையையும் எண்ணாக நினைவில் வைத்தல் மனிதனால் ஆகாது. எனவே செய்நிரல் எழுதுவோர் ஒரு பட்டியல் வகுத்தனர். அதில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மூன்று எண்கள். பெயரைச் சொன்னால் கணினி பட்டியலில் தேடி எண்ணைத் தந்துவிடும்.

அகராதியில் நாம் சொற்களைத் தேடுவது போன்றதே இத்தேடல். நடுப்பக்கத்தைத் திறக்கின்றோம், தேடும் சொல் முன்னதா பின்னதா என்று பார்த்து ஒரு பாதியைத் தள்ளிவிடுகின்றோம், மிஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்குகின்றோம். இணையப் பக்கங்களுக்கு இன்று வழங்கும் பொதுப் பட்டியலில் 148 பெயர்கள் உள்ளன. இம்முறையில் எட்டுத் தடவைக்கு மேற்படாமல் எந்தப் பெயரையும் எட்டலாம். இதனினும் விரைவான வழிகளும் உண்டு. பெயரிலிருந்து எண்ணுக்குச் செல்வது அத்துணை எளிது.

ஆனால் இப்பட்டியலை வகுத்தோர் யாவர்? அறிஞர் சபை கூடி ஆராய்ந்து வகுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984 இல் தொடங்கிய 'எக்ஸ்' என்னும் திரைச் செய்நிரல் முறைமையுடன் இதன் வரலாறு தொடங்குகின்றது. அம்முறைமைக்கென எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல் 1989 இல் விரிவாக்கப்பட்டபோது, ஒருவர் சிறுவர் தீட்டும் மெழுகு வண்ணக்கோற் பெட்டியிலிருந்து பெயர்களை எடுத்தார். இன்னொருவர் ஒரு பெயின்ற் கம்பனியின் மாதிரிச் சீட்டுகளைத் தம் மேசையிலிருந்த திரையோடு ஒப்பிட்டு எண்களைக் குறித்தார். பப்பாளியின் பெயரும் தக்காளியின் பெயரும் உலகத்துக் கணினிகளிலெல்லாம் நிறங்களாக நிலைபெற்ற கதை இதுதான்.

இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. அந்தப் பட்டியலிற் சாம்பல் நிறத்தின் எண் 190. கருஞ்சாம்பலின் எண் 169. எண் குறையக் குறைய இருள் மிகும். ஆகவே இது முறையே. ஆனால் இணையப் பக்கங்களுக்கு 1997 இல் தனியே வரையறுத்த பதினாறு பெயர்களுள் சாம்பலின் எண் 128. பின்னர் இரு பட்டியல்களும் ஒன்றாக்கப்பட்டபோது, சாம்பலுக்கு 128 நிலைத்தது. கருஞ்சாம்பல் 169 ஆகவே நின்றுவிட்டது. இன்றும் கணினியிற் கருஞ்சாம்பல், சாம்பலைவிட வெளிறியது! யாரும் திருத்தத் துணியவில்லை. திருத்தினால் முன்னர் எழுதிய எண்ணற்ற பக்கங்களின் நிறம் மாறிவிடும் அல்லவா?

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். எண் கையில் இருக்கின்றது. அதற்குப் பெயர் வேண்டும். கணினி என்ன செய்யும்? பட்டியலிலுள்ள ஒவ்வொரு நிறமும் இதற்கு எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டு, மிக அண்மையிலுள்ளதன் பெயரைத் தரும். இரண்டு நீலங்களை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய வயல்களில் மலரும் ஒரு பூவின் பெயரால் வழங்கும் 'கோர்ண்பிளவர்' நீலம் பட்டியலில் 100, 149, 237. 'ரோயல்' நீலம், அதாவது அரச நீலம், 65, 105, 225. இப்பொழுது 82, 127, 231 என்னும் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அண்மையிலுள்ளது அரச நீலம் என்று விடை வரும். முதலெண்ணை ஒன்று கூட்டி 83 ஆக்குங்கள். விடை பூவின் நீலம் என்று மாறிவிடும். இந்த ஓர் எண் வேறுபாட்டை மனிதக் கண் காணவே காணாது, பெயரோ மாறிவிட்டது.

இவ்விரு பெயர்களும் நீலக்கல் வணிகத்தில் நெடுங்காலமாக வழங்குவன. குருவிட்டவிற் குழிக்குள் இறங்குபவனும், அவனிடம் வாங்குபவரும், இரத்தினபுரிச் சந்தையிலும் பேருவளையிலும் கைமாற்றுபவரும், இறுதியிற் பாங்கொக்கிலோ ஜெனீவாவிலோ சான்றிதழ் எழுதுபவரும் செய்வது இந்த எதிர்ப்பக்கத்து வேலையே. கல் முன்னே கிடக்கின்றது. பெயர் பிறகு வருகின்றது. அந்த எல்லைக்கோட்டை யார் வரைகின்றாரோ அவர் கையிலேயே விலை இருக்கின்றது. குழியின் அடியில் நிற்பவன் அதனை வரைவதில்லை.

இதற்குக் கெவுடாக் கல்லின் வரலாறு தக்க சான்று. பால் கலங்கியது போன்ற வெளிறிய கொரண்டத்துக்கு இரத்தினபுரிப் பகுதியில் இடப்பட்ட பெயர் அது. அப்பெயர் பெற்ற கல்லுக்கு நம்மவர் மதிப்புத் தரவில்லை. 1970 களில் தாய்லாந்து வணிகர் அவற்றை மிகச் சொற்ப விலைக்கு வாங்கிச் சென்றனர். 1,500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உலை வெப்பத்தில் அவற்றைச் சுட்டபோது, கல்லுள் நுண்ணூசிகளாகக் கலங்கியிருந்த ரைத்தேனியச் சேர்வை கரைந்து, இரும்பணுவோடு கூடி, தெளிந்த நீலம் தோன்றியது. கல் மாறியதென்பது உண்மையே. எனினும் நீலமாதற்குரிய பொருள் முன்னரே அதனுள் இருந்தது. நம்மிடம் இருந்ததோ ஒரு பெயர், அதற்கெதிரே ஒரு சிறு விலை. அந்த வரியை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டுமென்று நெடுநாள் எவருக்கும் தோன்றவில்லை.

பெயர் ஒன்றாயிருக்க நிறம் இடம்பெயர்வதும் உண்டு. பதுமராகம் என்றால் நம் நூல்களிற் செம்மாணிக்கம். அச்சொல்லே சிங்கள வழக்கின் வழியாக ஐரோப்பியர் நாவிற் புகுந்து 'பத்பரட்சா' ஆயிற்று. இன்று உலகச் சந்தையில் அப்பெயர் பெறுவது சிவந்த கல்லன்று. இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் மெல்லெனக் கலந்த அரிய கொரண்டம். 1983 இல் அமெரிக்க இரத்தினவியலாளர் ரொபேட் குரோனிங்சீல்ட் இப்பெயரின் எல்லை எதுவென்று ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார். பின்னர்ப் பெரிய சோதனைக்கூடங்கள் கூடி, மென்மையான சாயல், மிகாத செறிவு, பகல் வெளிச்சம் என்று இலக்கணம் வகுத்தன. எந்த நாட்டுக் கல்லாயினும் இலக்கணம் பொருந்தினால் அப்பெயர் உண்டு என்றும் கூறின. இலங்கைக் கல்லுக்கே உரியதாகக் கருதப்பட்ட பெயர் அவ்வாறு பொதுவாயிற்று.

கணினியின் 148 பெயர்களுள் மாணிக்கமும் இல்லை, நீலக்கல்லும் இல்லை, மரகதமும் இல்லை. ஆனால் இன்று செய்நிரல் எழுதுபவர், அப்பட்டியலோடு நில்லாமல், தமக்கு வேண்டிய பெயர்களைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். இணையப் பக்கத்தில் அவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதவும் தடையில்லை. குருவிட்டத் தோட்டமொன்றில் வளர்ந்து கணினி பயிலும் மாணவி ஒருத்தி 'பதுமராகம்' என்று ஒரு வரியைத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கெதிரே இடவேண்டிய எண்கள் மூன்று. உரைகாரர் காட்டிய மாதுளம் விதையின் சிவப்பையா, சோதனைக்கூடத்தார் வகுத்த மெல்லிய கலவையையா, குரு கங்கைக் கரையிலே தன் ஊரார் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்த கல்லின் நிறத்தையா அவள் எழுதுவாள்? கணினி எதனையும் மறுக்காது. எழுதியதை அப்படியே தேடித் தரும்.